கூம்பின் வாயும் ஊரின் செவியும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் விழாவுக்கு ஒலிபெருக்கி 'வைத்தல்' என்று எவரும் சொல்வதில்லை. 'ஸ்பீக்கர் கட்டுதல்' என்பதே வழக்கு. இவ்வழக்கு நடப்பைச் சரியாகவே உணர்த்துகின்றது. தென்னையின் உச்சியிலோ மின்கம்பத்திலோ கூரை முகட்டிலோ கயிற்றால் இறுக்கப்படும் கூம்பு ஒலிபெருக்கி எத்திசையை நோக்குகின்றது, யாரிடம் பேசுகின்றது, எவ்வளவு தூரம் பேசுகின்றது என்னும் வினாக்களுள் ஒன்றேனும் எழுப்பப்படாமலே தன் பணியைத் தொடங்கிவிடுகின்றது. கட்டியவர் மரத்தினின்றும் இறங்கிப் பெருக்கியின் திருகை வலப்புறமாக முற்றத் திருப்பிவிட்டு ஓரமாக அமர்ந்துகொள்கின்றார். விழா முடியும்வரை, அவ்வொலி எங்கே எவ்வாறு விழுகின்றது என்பதை நடந்து சென்று கேட்டு வருமாறு எவரும் பணிக்கப்படுவதில்லை.

இந்நிலை குறித்து இருவகைக் கருத்துகளே பெரும்பாலும் வெளியிடப்படுகின்றன. கூம்பின் ஓசை எட்டும் தூரமே விழாவின் பெருமை என்பார் ஒரு சாரார். கூம்பு காட்டுமிராண்டித்தனத்தின் சின்னம், அதனை அடியோடு தடைசெய்தல் வேண்டும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். கருவியைப் பற்றிப் பேசுகின்றார்களேயன்றி, அக்கருவியை அமைக்கும் முறையைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. குற்றம் கூம்பில் இல்லை. அதனைக் கேளாமல் கட்டுவதிலேயே உள்ளது.

கூம்பு இழிந்த கருவியன்று என்பதை முதலில் தெளிவாக்குதல் வேண்டும். சிறிய அதிர்தகடு ஒன்று பரந்த வெளியிலுள்ள காற்றை நேரடியாகத் தள்ள முற்படும்போது அதன் உழைப்பிற் பெரும்பகுதி வீணாகின்றது. ஒடுங்கிய கழுத்திலிருந்து படிப்படியாக விரிந்து செல்லும் குழல் ஒன்றை அதன் முன் பொருத்தினால், தகட்டின் அசைவு சிறிது சிறிதாகக் காற்றுக்குக் கைமாற்றப்படுகின்றது. சாதாரண ஒலிபெருக்கி தனக்குக் கொடுக்கப்படும் மின்சக்தியில் நூற்றுக்கு ஒரு பங்கையோ இரண்டு பங்கையோ ஒலியாக்க, நல்ல கூம்பு இருபது, முப்பது பங்குவரை ஒலியாக்க வல்லது. 1915இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெருங்கூட்டத்தின் முன் மனிதக்குரல் மின்வழியே பெருக்கப்பட்டபோதும், 1926இல் வெஸ்டர்ன் இலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஒலியியக்கிகள் பேசும் படத்திற்குத் துணைநின்றபோதும் கூம்பே முன்னின்றது. சில வாட் வலுவே கிடைத்த காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே ஒரு சொல்லைக் கேட்கக் கூடியதாக இருந்தது அதனாலேயே. அவ்வகையிற் கூம்பு மக்கள் கூட்டத்திற்கென்று பிறந்த கருவி எனலாம்.

அதே கூம்பு இன்று செல்வர் வீடுகளில் எவ்வாறு போற்றப்படுகின்றது என்பதை நோக்குமிடத்து, கிராமத்தில் அதற்கு நேர்ந்துள்ள கதி மேலும் தெளிவாகும். மேலைநாடுகளில் வீட்டின் நிலவறையைச் சிறு திரையரங்காக்கி, அங்கே கூம்பு ஒலிபெருக்கிகளை நிறுவுவோர் உளர். அவர்கள் மேற்கொள்ளும் கவனம் வியப்பூட்டுவது. கூம்பின் வாயினது சுற்றளவு, அது தரவேண்டிய மிகத் தாழ்ந்த சுருதியின் அலைநீளத்திற்கு ஏறத்தாழச் சமமாதல் வேண்டும் என்பது விதி. 40 ஹேட்ஸ் அதிர்வின் அலைநீளம் எட்டரை மீற்றர். அதற்கேற்ற வட்டவாயின் விட்டம் 2.7 மீற்றர். இதனை எந்த அறையில் வைப்பது? பால் கிளிப்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1946 முதல் உற்பத்தி செய்த ஒலிபெருக்கி இதற்கு விடை கண்டது. கூம்பை மடித்து அறையின் மூலையில் வைத்தால், இரு சுவர்களும் தரையும் கூம்பின் தொடர்ச்சியாகிவிடுகின்றன. வெட்டவெளியில் வேண்டிய வாய்ப்பரப்பில் எட்டில் ஒரு பங்கு அங்கே போதுமானது. யப்பானில் வீட்டுத் தரைக்கடியிற் சீமெந்தாற் கூம்பு கட்டிய இரசிகர்களும் உளர். இத்தகையோர் கேட்போனின் நாற்காலியை முதலில் வைக்கின்றனர். பின்னர் கூம்பின் முகத்தை விரலளவு திருப்புவதும், மீண்டும் நாற்காலிக்கு வந்து கேட்பதுமாக நாட்கணக்கிற் செலவிடுகின்றனர். ஒலி வெளியே கசியாதவாறு மண்ணே அவர்களுக்குச் சுவராக நிற்கின்றது.

புத்தளத்துக் கரைக்கு நிலவறை என்பது பொருந்தாத சொல். பாலாவியிலிருந்து நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிவரை நீளும் நிலம் மணற்பாங்கானது. சில மீற்றர் ஆழத்திலேயே நன்னீர் ஊறும் பூமி அது. அந்த நீரை நம்பியே அங்கு வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தன. அங்கே நிலவறை தோண்டுபவன் கிணறுதான் காண்பான். வீடுகளிற் பல கிடுகு வேலிகளாலோ மெல்லிய மதில்களாலோ பிரிக்கப்பட்டவை. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த இந்நிலத்தில் இரவு ஒலிக்கு இன்னுமொரு வாய்ப்பும் கிடைக்கின்றது. பொழுதுசாய்ந்தபின் நிலத்தையொட்டிய காற்றுக் குளிர்ந்து, மேலுள்ள காற்று வெப்பமாக இருக்கும்போது ஒலி மேலே சிதறிப்போகாது வளைந்து மீண்டும் தரைக்கே வருகின்றது. களப்பின் நீர்ப்பரப்பு அதனை உறிஞ்சாமல் அப்பால் அனுப்புகின்றது. பகலிற் கேளாத கூம்பு நள்ளிரவில் அக்கரையிலும் கேட்பதன் காரணம் இதுவே. ஆகவே, நிலவறை தோண்ட வல்லவனுக்கு வேண்டிய கவனத்திலும் பன்மடங்கு கவனம், நிலவறைக்கு வழியில்லாத இந்த ஊருக்கு வேண்டும். நடைமுறையோ நேர்மாறானது.

கணக்கொன்று இதனை விளக்கும். பொதுக்கூட்டங்களிற் பயன்படும் நல்ல கூம்பொன்று ஒரு வாட் வலுவில் ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 110 டெசிபல் ஒலியை எழுப்பும். 30 வாட் கொடுத்தால் அது 125 ஆகும். தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும் என்னும் பொதுவிதியின்படி, கூம்பின் நேர்முகத்தில் நூறு மீற்றரில் 85 டெசிபலும், ஒரு கிலோமீற்றரில் 65 டெசிபலும் எஞ்சும். காற்றும் மரஞ்செடிகளும் இதிற் சிறிது கழித்துக்கொள்ளலாம். இலங்கையின் 1996ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடல் ஒலிக்கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. எனவே ஒரேயொரு கூம்பு, ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் உறங்குபவனின் முற்றத்தில், இரவு எல்லையை 20 டெசிபல் வரை மீறக்கூடும். இருபது டெசிபல் என்பது ஒலிச்செறிவில் நூறு மடங்கு. விழாக்களிற் கட்டப்படுவதோ ஒரு கூம்பன்று. வீதி நெடுகிலும் பத்து, இருபது.

அயலவர்க்கு இத்துணை இடர் விளைந்தாலும், விழாவுக்கு வந்தோரேனும் நன்கு கேட்கின்றார்களா என்றால், அதுவும் இல்லை. விளக்கடியில் இருள் என்பது கூம்பிற்கும் பொருந்தும். கூம்பு தன் உயர் அதிர்வுகளை நேர்முகமாக ஒரு குறுகிய பாதையிலேயே செலுத்தும் இயல்பினது. தென்னையுச்சியில் வெளிநோக்கிக் கட்டப்பட்ட கூம்பின் அடியில் அமர்ந்திருப்போருக்கு அந்த உயர் அதிர்வுகள் சென்றடைவதில்லை. மழுங்கிய இரைச்சலே விழுகின்றது. விளங்கவில்லை என்று அவர்கள் முறையிட, திருகு மேலும் திருப்பப்படுகின்றது. பெருக்கி தன் எல்லையைக் கடந்து உருக்குலைந்த ஒலியை உமிழ்கின்றது. உள்ளே இருப்பவனுக்குத் தெளிவு கூடவில்லை. வெளியே இருப்பவனுக்குத் துன்பம் மட்டுமே கூடியது. வீதியோரக் கூம்புகளோ ஒன்றையொன்று கெடுக்கின்றன. ஒலி ஒரு விநாடியிற் செல்வது ஏறத்தாழ 340 மீற்றர். 170 மீற்றர் அப்பாலுள்ள கூம்பின் சொல் அரை விநாடி பிந்தி வந்து, அருகிலுள்ள கூம்பின் அடுத்த சொல்லின்மேல் விழுகின்றது.

இவ்விடத்தே தமிழ் பயில்வோர் கருத்தூன்றுதல் வேண்டும். பேச்சின் உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளிலும், மெய்யொலிகளை வேறுபடுத்தும் கூறுகள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வுகளிலும் அமைகின்றன. லகர, ளகர, ழகரங்களையும் னகர, ணகரங்களையும் பிரித்துக் காட்டும் நுண்மைகள் ஈராயிரம் ஹேட்ஸ் அளவிலும் அதற்கு மேலுமே பெரிதும் உறைகின்றன. முறையின்றிக் கட்டப்பட்ட கூம்பு முதலிற் கொல்வது இவற்றையே. பாரதம் படிப்பவரின் சொல்லும், மறையுரை நிகழ்த்துபவரின் சொல்லும், பள்ளிவாசலிற் சன்மார்க்கம் உரைப்பவரின் சொல்லும் இக்கரையிற் பெரும்பாலும் தமிழ்ச்சொல்லே. உயிர் மட்டும் ஊளையாக எஞ்ச, மெய் உதிர்ந்துபோன அச்சொல்லை மாணவன் ஒருவன் ஆண்டுதோறும் கேட்டு வளர்கின்றான். ழகர உச்சரிப்புக் குறித்து மேடைதோறும் கண்ணீர் வடிக்கும் தமிழ்ச் சமுதாயம், அந்த ழகரத்தை விழுங்கும் கூம்பைக் குறித்து ஒரு வார்த்தை பேசியதுண்டா?

எதிர்வாதங்கள் சில உண்டு. அவற்றையும் நேர்மையாக ஆராய்தல் தகும்.

இது மரபு என்பது முதல் வாதம். கூம்புக்கு நூறாண்டு வயது சிறிது கடந்திருக்கின்றது. இலங்கையில் வானொலியே 1925இல்தான் தொடங்கியது. இக்கரையின் வழிபாடுகளோ அவற்றினும் பன்மடங்கு பழையன. உடப்பில் கரைவலை இழுப்போரின் கைத்தாளத்திற்கு எழுந்த அம்பாப் பாடல்களுக்கு மின்பெருக்கி துணைநிற்கவில்லை. கடலிரைச்சலுக்கு எதிரே நின்று ஒலித்த குரல்கள் அவை. மணியோசையும் பறையோசையும் பள்ளிவாசலின் மேடையினின்றும் எழுந்த வெறுங்குரலும் ஊருக்கு நேரத்தை அறிவித்த காலம் முதியோர் பலரின் நினைவில் இன்றும் உள்ளது. மரபின் பெயரால் வாதிடுவோர் முதலிற் காக்கவேண்டியது அக்குரல்களையேயன்றி, அவற்றை மூழ்கடிக்கும் இசைத்தட்டையும் ஒலிப்பதிவையும் அன்று.

இது வழிபாட்டுரிமை என்பது இரண்டாவது வாதம். இவ்வாதத்தை நீதிமன்றங்கள் ஆராய்ந்துள்ளன. சென்னையிலுள்ள கிறித்தவ சபையொன்றின் வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கி வழியே வழிபடுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என இந்திய உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்த்தது. இலங்கையில், வெலிகமைப் பகுதிப் பள்ளிவாசலொன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக எழுந்த வழக்கில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் 2007இல் சமய வேறுபாடின்றி யாவர்க்கும் பொருந்தும் கட்டளையை வழங்கியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் ஒலிபெருக்கி அனுமதி வழங்கலாகாது. சிறப்பான சமய விழாக்களுக்கு வழங்குவதாயின், அயலிற் குடியிருப்போரின் கருத்தை அறிந்த பின்னரே வழங்கவேண்டும் என்பது அதன் சாரம். இக்கட்டளையில் மிக முக்கியமான சொற்கள் நேரத்தைப் பற்றியனவல்ல. 'அயலிற் குடியிருப்போரின் கருத்து' என்பனவே. அந்தக் கருத்தை அறியும் வழக்கம் எத்தனை விழாக்குழுக்களிடம் உண்டு?

ஏழைகளுக்கு இருக்கும் ஒரேயொரு இசையரங்கு இதுவே என்பது மூன்றாவது வாதம். இது மதிக்கத்தக்கது. நிலவறையிற் கூம்பு வைப்பவனை இரசிகன் என்றும், தென்னையிற் கூம்பு கட்டுபவனைத் தொல்லைக்காரன் என்றும் தீர்ப்பளிப்பது வர்க்கப் பார்வையே என்பதில் ஐயமில்லை. ஆயின் இவ்வாதத்தின் நேரிய முடிபு யாது? ஏழைக்கும் நல்லொலி உரியது என்பதன்றோ? உழைத்துக் களைத்தவனுக்கு உடைந்த ஒலி போதும் என்று எண்ணுவதே அவனுக்கு இழைக்கும் பெரிய அவமதிப்பு. மேலும், இக்கரையில் ஒலியால் உறக்கம் இழப்பவனும் அந்த ஏழையே. இரவெல்லாம் கடலில் நின்று விடியலிற் கரைசேரும் மீனவன் பகலிலே உறங்கவேண்டியவன். விடியுமுன் தோட்டத்திற்கு நீரிறைப்பவன் இரவில் உறங்கவேண்டியவன். நெருங்கிய குடியிருப்புகளில் ஒற்றை விளக்கின் கீழ்ச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கதவடைத்துக்கொள்ள வேறொரு அறை இல்லை. இரைச்சலை விட்டுத் தூரப்போகும் வசதி செல்வனுக்கு மட்டுமே உண்டு.

எனினும் தடைசெய்வோர் கட்சியும் ஏற்கத்தக்கதன்று. முன்னேஸ்வரத்தின் பெருவிழாவிலும், உடப்புத் திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்பிலும், தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்திலும் திரளும் பெருங்கூட்டத்தில் குழந்தையைத் தவறவிட்ட தாய்க்கு ஒலிபெருக்கி உயிர்த்துணை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் இலங்கையின் கரையோரங்களில் எழுப்பப்பட்ட முன்னெச்சரிக்கைக் கோபுரங்களும் ஒலியையே நம்பி நிற்பவை. புயலும் வெள்ளமும் அறியாத மாவட்டமன்று புத்தளம். எந்நாளும் காரணமின்றி அலறும் கூம்பு, உண்மையான ஆபத்து நாளில் நம்பப்படாது போகும். பாண் விற்கும் முச்சக்கர வண்டியின் மெட்டும், சீட்டிழுப்பு விற்பனையும், தேர்தல் முழக்கமும், மரண அறிவித்தலும் ஒரே குரலில் ஒரே உச்சத்தில் ஒலித்தால், அவற்றுள் எதனை ஊர் செவிமடுக்கும்? கூம்பைக் காப்பதற்காகவே கூம்பை அடக்கவேண்டியுள்ளது.

இம்மாவட்டத்திற்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. அதுவே யாவற்றினும் பாரதூரமானது. இந்து, இஸ்லாமிய, கத்தோலிக்க, பௌத்த மக்கள் அடுத்தடுத்து வாழும் கரை இது. 1990இல் வடபுலத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாகக் குடியேறியதும் இங்கேதான். இங்கு அயலவனின் கூம்பைப் பற்றி முறையிடுபவன் ஒலியைப் பற்றி முறையிடுபவனாகக் கருதப்படுவதில்லை. சமயத்தைப் பகைப்பவனாகக் கருதப்படுகின்றான். ஆகையால் அவன் வாய்திறப்பதில்லை. தன் விழா வரும்போது தன் கூம்பை ஒருபடி உயர்த்திக் கட்டி விடையிறுக்கின்றான். இவ்வாறு ஆண்டுதோறும் உயர்ந்து செல்லும் கூம்புகள் பக்தியின் அளவுகோல்களல்ல. சொல்லப்படாத மனத்தாங்கலின் அளவுகோல்கள். 2019 மே மாதத்தில் சிலாபத்திலும் அதன் அயலூர்களிலும் மூண்ட வன்செயலைக் கண்டவர்கள், சொல்லப்படாத மனத்தாங்கல் எத்தகைய வெடிமருந்து என்பதை அறிவர். எனவே அயலவனின் கூம்பைக் குறைக்கக் கோருவது தீர்வாகாது. ஒவ்வொரு சமுதாயமும் தன் கூம்பைத் தானே முதலிற் குறைத்தல் வேண்டும். அக்குறைப்பை அயலவன் கேளாமலே உணர்வான்.

இதற்குப் பெரும்பணமோ அரிய அறிவோ வேண்டியதில்லை. கூம்பின் முகம் வெளிநோக்கியன்றிச் சபையை நோக்கி இருத்தல் வேண்டும். மரவுச்சியிலன்றி, அமர்ந்திருப்போரின் தலைக்கு இரண்டொரு மீற்றர் மேலாக, சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். ஒரு பெருங்கூம்பு கடைசி வரிசையை எட்டுமாறு முழங்குவதிலும், சிறு கூம்புகள் நான்கு தத்தமக்கு அருகிலுள்ளோரிடம் மெல்லப் பேசுவது நன்று. 30 வாட்டை 3 வாட்டாக்கினால் 10 டெசிபல் குறையும். செவிக்கு அது ஏறத்தாழப் பாதி உரப்பு. சிறிய கூம்பின் வாய் 40 சென்டிமீற்றர் விட்டமுடையதாயின், ஏறத்தாழ 270 ஹேட்ஸுக்குக் கீழே அது திறம்பட ஒலிக்காது. ஆகவே திரையிசையின் தாழ்முழக்கத்தை அதன் வழியே செலுத்துவது தகட்டைக் கிழிக்குமேயன்றி இசையைத் தராது. கூம்பு பேச்சுக்கு உரியது. பேச்சுக்கே அதனை விடுதல் தகும்.

இவற்றிலும் முதன்மையான விதி ஒன்றுண்டு. நிலவறையில் கூம்பு வைப்பவன் கேட்போனின் நாற்காலியிற் சென்றமர்ந்து கேட்கின்றான். கிராமத்தில் அந்த நாற்காலி இரண்டு இடங்களில் உள்ளது. ஒன்று, சபையின் கடைசி வரிசை. மற்றொன்று, வேலிக்கு அப்பாலுள்ள முதல் வீட்டின் திண்ணை. விழா தொடங்குமுன் விழாக்குழுவைச் சேர்ந்த ஒருவர் இவ்விரண்டு இடங்களுக்கும் நடந்து செல்லவேண்டும். முதலாவது இடத்தில் ஒவ்வொரு சொல்லும் விளங்கவேண்டும். இரண்டாவது இடத்தில், அவ்வீட்டார் தம்முள் மெல்லப் பேசுவது தடைப்படலாகாது. இவ்விரண்டும் நிறைவேறும்வரை கயிற்றை அவிழ்த்து மீண்டும் கட்டவேண்டும். திண்ணையில் நிற்கும்போது வீட்டாரிடம் கருத்தும் கேட்டுவிட்டால், 2007ஆம் ஆண்டுக் கட்டளையின் உட்கிடையும் நிறைவேறிவிடும்.

விடுமுறைக்கு ஊர்செல்லும் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் ஆலய, பள்ளிவாசல், தேவாலயக் குழுக்களிலும் இளைஞர் கழகங்களிலும் உறுப்பினராவர். பௌதிகம் கற்பவன் அலைநீளத்தை வினாத்தாளில் எழுதிவிட்டு ஊரில் மறந்துவிடுகின்றான். தமிழ் கற்பவன் எழுத்தின் பிறப்பைச் சூத்திரமாக ஒப்புவித்துவிட்டு, ஊரில் அவ்வெழுத்துச் சிதைவதைக் கைகட்டிக் கேட்டிருக்கின்றான். இவ்விருவரும் அடுத்த விழாவில் அந்த இரண்டு இடங்களுக்கும் ஒருமுறை சேர்ந்து நடந்து வருவார்களாயின், மேடைகளில் நிகழும் இன ஒற்றுமைச் சொற்பொழிவுகள் பலவும் செய்யாததை அந்த நடை செய்யும். மணலிலே நிலவறை தோண்ட முடியாது. ஆனால் அயலவனின் திண்ணைவரை நடக்க எவராலும் முடியும்.